சுவருக்குள் ஓடும் குழாயும் யாரையும் நம்பும் இயந்திரமும்

உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் தங்கியிருந்தேன். வார்டில் சிஸ்டர்கள் உட்காரும் மேசைக்குப் பின்னால், சுவரில் ஒரு பெட்டி. ரத்தம் எடுத்த சின்னக் குழாய்களை ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் போட்டு மூடி, அந்தப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் இருக்கும் திரையில் இரண்டு மூன்று எண்களைத் தட்டுவார்கள். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். உருளை காணாமல் போகும். இரண்டு மாடி கீழே லேபில் அது 'டொப்' என்று விழுமாம். எனக்கு வேறு வேலை இல்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நியூமேட்டிக் டியூப் என்று பெயர். ஊழியர்கள் வெறுமனே டியூப் என்பார்கள். கட்டடத்தின் சுவர்களுக்குள்ளும் கூரைக்கு மேலும் குழாய்கள் ஓடுகின்றன. எங்கோ அடித்தளத்தில் ஒரு பெரிய ஊதி காற்றைத் தள்ளும், இல்லையென்றால் உறிஞ்சும். நடுநடுவே ரயில் தண்டவாளத்தில் பாயிண்ட் மாற்றுவதுபோல் குழாயின் பாதையை மாற்றிவிடும் இணைப்புகள். எந்த உருளை எங்கே போக வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது ஒரு கணினி. வேகம் என்றால் சும்மா இல்லை, வினாடிக்கு ஏழெட்டு மீட்டர் வரை போகும். ரத்தப் பை போனால் மட்டும் மெதுவாக அனுப்ப வேண்டும். அடித்துப் பிடித்து அனுப்பினால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

குழாய், காற்று, பிளாஸ்டிக் உருளை. இதில் ஹேக்கருக்கு என்ன வேலை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மருத்துவமனைக் கருவிகளில் மென்பொருள் ஓட்டை என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2021 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஸ்விஸ்லாக் ஹெல்த்கேர் நிறுவனத்தின் டிரான்ஸ்லாஜிக் டியூப் அமைப்பைப் பற்றியது. ஆர்மிஸ் கணக்கில், வட அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இதைத்தான் பயன்படுத்துகின்றன, உலகம் முழுக்க 3,000-க்கும் அதிகம். சுவரில் இருக்கும் அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் கணினி உண்டு. அதற்கு நெக்ஸஸ் கண்ட்ரோல் பேனல் என்று பெயர். அதில் ஒன்பது ஓட்டைகள் இருந்தன.

ஓட்டை என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மென்பொருளில் பிழை வேறு, ஓட்டை வேறு. எல்லா ஓட்டைக்கும் அடியில் ஒரு பிழை இருக்கும், ஆனால் எல்லாப் பிழையும் ஓட்டை ஆகாது.

பிழைக்கு மருத்துவ உலகில் எல்லோரும் சொல்லும் உதாரணம் தெராக்-25. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவி, கனடாவில் செய்தது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986-ல் நடந்தது இது: கருவியை இயக்கும் ஊழியர் எலக்ட்ரான் கதிருக்கான எழுத்தைத் தட்டுவதற்குப் பதில் எக்ஸ்-ரேவுக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, கர்சரை மேலே கொண்டுபோய்த் திருத்திவிட்டார். அனுபவசாலி என்பதால் விரல் வேகம். கருவிக்குள் காந்தங்கள் தயாராக எட்டு வினாடி ஆகும். அந்த எட்டு வினாடிக்குள் திருத்தம் முடிந்துவிட்டதால் மென்பொருளின் ஒரு பகுதிக்கு மாற்றம் தெரிந்தது, இன்னொரு பகுதிக்குத் தெரியவில்லை. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஊழியருக்குப் புரியும்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. தொடரும் பொத்தானை அமுக்கினார். நோயாளியின் மேல் அளவு மீறிய கதிர் இரண்டாவது முறையும் விழுந்தது.

மெதுவாகத் தட்டச்சு செய்பவர் கையில் இந்தப் பிழை கடைசிவரை தலைகாட்டியே இருக்காது. அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி நடந்த பிறகு, அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் அந்த ஊழியரும் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வேகமாகத் தட்டிப் பார்த்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பழைய மாடலில் தவறு நடந்தால் தடுக்கும் இயந்திரப் பூட்டுகள் தனியாக இருந்தன. புது மாடலில், மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று அவற்றை எடுத்துவிட்டார்கள்.

இங்கே கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நெட்வொர்க்கும் இல்லை. பிழை தானாகத் தடுக்கி விழுந்தது. இதே மாதிரி ஒரு பிழையை, வெளியிலிருந்து ஒருவர் வேண்டுமென்றே தூண்டிவிட முடியும் என்றால், அதற்குப் பெயர்தான் ஓட்டை.

சரி, டியூப்புக்கு வருவோம். ஒன்பதையும் விளக்கினால் தலை சுற்றும். முக்கியமானவற்றை மட்டும் பார்க்கலாம்.

முதலாவது, மாற்ற முடியாத பாஸ்வேர்டு. கருவிக்குள்ளேயே இரண்டு பாஸ்வேர்டுகளைத் தொழிற்சாலையில் எழுதி வைத்துவிட்டார்கள். எல்லாக் கருவியிலும் அதே இரண்டுதான். மருத்துவமனை நினைத்தாலும் மாற்ற முடியாது. திண்டுக்கல் பூட்டுக்குப் பெருமையே ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதுதான். இங்கே அதற்கு நேர் எதிர்: ஒரு கருவியைக் கழற்றிச் சாவியைக் கண்டுபிடித்தவன் கையில் எல்லா ஊர்ப் பூட்டுக்கும் சாவி. அதை நுழைக்கக் கதவும் திறந்தே இருந்தது. டெல்நெட் என்று ஒரு பழைய வழி, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுப்பதற்கு. போகும் வரும் எதையும் அது மறைக்காது, பாஸ்வேர்டு உட்பட. அந்தச் சேவை இந்தக் கருவிகளில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? வில்லத்தனம் எதுவும் கிடையாது. கருவி ரிப்பேர் ஆனால் கம்பெனி ஆள் வந்து திறந்து பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் ஆயிரம் பாஸ்வேர்டை யார் நினைவில் வைத்திருப்பது? அதனால் ஒன்றே ஒன்று. சர்வீஸ் செய்பவரின் வசதிக்காக விட்ட சந்து.

அடுத்தது, நினைவகம் வழிவது. ஆய்வாளர்கள் கண்டதில் நான்கு இந்த ரகம். ரயில் முன்பதிவுப் படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு இத்தனை கட்டம், அதற்கு அடுத்து வயதுக்கு இரண்டு கட்டம். நீளமான பெயர்க்காரர் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனால் கடைசி எழுத்துகள் வயதுக் கட்டத்தில் போய் விழும். கவுண்டரில் இருப்பவர் மனிதர் என்பதால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். கணினி சிரிக்காது. வயதுக் கட்டத்தில் என்ன விழுந்ததோ அதையே வயது என்று எடுத்துக்கொள்ளும். இப்போது ஒருவர் வேண்டுமென்றே நீளமான பெயரை அனுப்புகிறார், வழிந்து விழும் எழுத்துகளையும் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். கணினியின் நினைவகத்தில் அடுத்த கட்டத்தில் இருப்பது வயது அல்ல, 'அடுத்து எந்தக் கட்டளையைச் செய்ய வேண்டும்' என்ற குறிப்பு. அந்தக் குறிப்பை மாற்றிவிட்டால் கருவி இனி எழுதியவர் சொன்னபடி ஆடும். வரும் செய்தியின் நீளத்தை அளந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. அளக்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இருப்பதிலேயே மோசமாகத் தெரிவது ஃபர்ம்வேர் சம்பந்தப்பட்டது. கருவியின் உள்ளே நிரந்தரமாகப் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கம்பெனி அவ்வப்போது புதியதை அனுப்பும், கருவி அதை ஏற்றிக்கொள்ளும். அனுப்பியது கம்பெனிதானா என்று கருவி எப்படித் தெரிந்துகொள்ளும்? டிஜிட்டல் கையெழுத்து என்று ஒன்று உண்டு. கம்பெனியிடம் மட்டும் இருக்கும் ரகசிய எண்ணைக் கொண்டு அந்தக் கோப்புக்கு ஒரு முத்திரை போடுவார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. இந்த பேனல் அந்தக் கையெழுத்தைக் கேட்கவே இல்லை. யார் புது ஃபர்ம்வேர் என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பதித்துக்கொண்டது. கையெழுத்தைப் பார்க்காமலேயே செக்கை பாஸ் பண்ணும் காசாளர் மாதிரி. இப்படி நுழைந்தது ஃபர்ம்வேரிலேயே உட்கார்ந்துவிடுவதால், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள் என்ற நம் ஊர் சர்வரோக நிவாரணியும் வேலை செய்யாது.

இவ்வளவும் கிடைத்தவர் என்ன செய்யலாம்? ஒட்டுமொத்தமாக டியூப்பை நிறுத்திப் பணம் கேட்கலாம். உருளைகளைத் தப்பான இடத்துக்கு அனுப்பலாம். மெதுவாகப் போக வேண்டிய ரத்தப் பையை வேகமாக அனுப்பலாம். மருந்தை எடுக்க ஊழியர்கள் தட்டும் அடையாள அட்டையின் தகவலைத் திருடலாம். நோயாளியின் மேல் ஒருவரும் கை வைக்கவில்லை, ஆனால் அவசர ஆபரேஷனில் ரத்தம் வரக் காத்திருக்கும் மருத்துவருக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் பெரிதல்ல.

ஆய்வாளர்கள் 2021 மே மாதத் தொடக்கத்திலேயே நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டார்கள். உலகத்துக்குச் சொன்னது மூன்று மாதம் கழித்து, திருத்திய ஃபர்ம்வேர் தயாரான பிறகு. ஓட்டையைக் கண்டவர் முதலில் உரியவரிடம் சொல்லி, அடைக்க அவகாசம் கொடுத்து, பிறகு பகிரங்கமாக்குவது இந்தத் துறையில் நாகரிகம். அந்தத் திருத்தம் எட்டு ஓட்டைகளை அடைத்தது. மிச்சம் இருந்த ஒன்று எது என்று நினைக்கிறீர்கள்? கையெழுத்து கேட்காத அந்த ஃபர்ம்வேர்தான்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். இந்தப் பெட்டி இணையத்தில் இல்லையே, சுவரில்தானே இருக்கிறது, வெளியாள் எப்படித் தொடுவான்? இதைக் கேட்டுத்தான் வடிவமைத்தவர்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள். வீட்டுக்குள் இருப்பவர் எல்லாம் நம்மவர் என்று எடுத்துக்கொண்டு உள்கதவுகளுக்குப் பூட்டே போடவில்லை. ஆனால் பில்லிங் கவுண்டரில் ஒருவர் கூரியர் கம்பெனி பெயரில் வந்த மின்னஞ்சலைத் திறந்தால் போதும், திருடன் வீட்டுக்குள். அந்த பில்லிங் கணினியும் டியூப்பின் பேனலும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், அங்கிருந்து சுவர்ப் பெட்டிக்கு நடந்துபோகும் தூரம்தான். இந்தத் துறையில் நான் படித்த ஒவ்வொரு சம்பவத்திலும் அடியில் இருப்பது இந்த ஒரே நம்பிக்கைதான்: உள்ளேயிருந்து பேசுகிறவர் நம்மவர்.

2015 ஜூலை கடைசியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஹாஸ்பிரா நிறுவனத்தின் சிம்பிக் இன்ஃபியூஷன் பம்ப்பைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று மருத்துவமனைகளுக்குச் சொன்னது. டிரிப்ஸில் மருந்து மணிக்கு எத்தனை மில்லி போக வேண்டும் என்று கட்டுப்படுத்துமே, அந்தக் கருவி. மருத்துவமனை நெட்வொர்க்குக்குள் வந்துவிட்ட ஒருவர் தொலைவிலிருந்தே அந்த அளவை மாற்ற முடியும் என்று தெரியவந்திருந்தது. மருந்தே கெட்டது என்றோ மோட்டார் பழுது என்றோ இல்லாமல், மென்பொருள் பாதுகாப்புக்காகவே ஒரு கருவியை ஓரம்கட்டச் சொன்னது அதுதான் முதல் முறை.

பத்து வருடம் கழித்து 2025 ஜனவரி 30 அன்று இன்னொரு எச்சரிக்கை. சீனாவின் கான்டெக் நிறுவனத்தின் சி.எம்.எஸ்.8000 என்ற மானிட்டர், அதாவது படுக்கைக்குப் பக்கத்தில் இதயத் துடிப்பும் ஆக்சிஜன் அளவும் காட்டிக்கொண்டிருக்கும் அந்தத் திரை. அதன் உள்ளே ஓர் இணைய முகவரியை நிரந்தரமாக எழுதி வைத்திருந்தார்கள். கருவி அந்த முகவரிக்கு நோயாளியின் விவரங்களை அனுப்ப முயன்றது, அங்கிருந்து கோப்புகளை எடுத்துத் தன் மேல் பதித்துக்கொள்ளவும் தயாராக இருந்தது. அமெரிக்க அரசு இதை ரகசியப் பின்வாசல் என்றது. கிளாரோட்டி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்துவிட்டு, இது சதி அல்ல, மோசமான வடிவமைப்பு என்றார்கள். கருவியின் கையேட்டிலேயே அந்த முகவரி இருந்தது என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டாவது பக்கம்தான் சாய்வு. ஆனால் படுக்கையில் இருப்பவருக்கு வஞ்சமும் அலட்சியமும் ஒரே வாசலைத்தான் திறந்து வைக்கின்றன.

ஓட்டை தெரிந்துவிட்டது, அப்டேட் போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனில் இரவு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் அப்டேட் முடிந்திருக்கும். வென்டிலேட்டருக்கு அப்படி ஓர் இரவு கிடையாது. 2017 ஆகஸ்டில், அபோட் நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களில் ஓர் ஓட்டையை அடைக்கப் புது ஃபர்ம்வேர் வந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 கருவிகள், பெரும்பாலும் மனிதர்களின் மார்புக்குள் இருப்பவை. ஒவ்வொருவரும் மருத்துவமனைக்கு நேரில் வர வேண்டும். அப்டேட் ஏற மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் கருவி, நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற மாற்று நிலையில் இதயத்தைத் தட்டிக்கொண்டிருக்கும். அப்டேட் பாதியில் நின்றுபோக மிகச் சிறிய வாய்ப்பு உண்டு என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள். யாரோ ஒரு ஹேக்கர் என்றைக்கோ வரக்கூடும் என்பதற்காக இன்றைக்கு அந்த மூன்று நிமிடத்தை எடுத்துக்கொள்ளலாமா? மருத்துவரும் நோயாளியும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயமாக அது ஆகிவிட்டது.

அப்புறம், வயது. ஓர் எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் கோடிகளில் விலை, பத்துப் பதினைந்து வருடம் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும். அதை இயக்கும் கணினியில் இருக்கும் விண்டோஸுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. மைக்ரோசாஃப்ட் கைகழுவிய பிறகும் ஸ்கேனர் நன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். நன்றாக ஓடும் கருவியைத் தூக்கிப்போடச் சொன்னால் எந்த நிர்வாகம் கேட்கும்? ஆஸ்பத்திரி ஐ.டி. ஆளே தானாக அப்டேட் போடலாம் என்றாலோ, கம்பெனி சோதித்துத் தந்ததைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கும்.

இதன் விலையை பிரிட்டன் 2017-ல் கொடுத்தது. விண்டோஸில் ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே திருத்தம் வெளியிட்டிருந்தது. மே 12-ஆம் தேதி அதே ஓட்டை வழியாக வானாக்ரை என்ற வைரஸ் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகம். இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பில் இருந்த 236 டிரஸ்டுகளில், அதாவது மருத்துவமனைகள் போன்றவற்றை நடத்தும் நிர்வாக அமைப்புகளில், குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. ஸ்கேன், பரிசோதனை சம்பந்தப்பட்ட 1,220 கருவிகளில் வைரஸ் ஏறியிருந்தது. ஐந்து பகுதிகளில் அவசர நோயாளிகள் தொலைவில் இருந்த வேறு மருத்துவமனைகளுக்குப் போக வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்த வைரஸ் மருத்துவமனைகளைக் குறிவைத்து எழுதியது இல்லை. கண்ணில் பட்ட கதவையெல்லாம் தட்டியது, பூட்டாத கதவுகள் அங்கே நிறைய இருந்தன.

செய்யக்கூடியவற்றில் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிப்பதைத்தான் நான் முதலில் வைப்பேன். கப்பலின் அடிப்பகுதி பல அறைகளாக இருக்கும், ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் மற்றவை தப்பிக்கும் என்பார்களே, அதே ஏற்பாடு. பில்லிங் கணினிக்கும் இன்ஃபியூஷன் பம்ப்புக்கும் பேச்சுவார்த்தையே தேவையில்லை. பேச வழி இல்லாமல் வைத்துவிட்டால் பம்ப்பின் ஓட்டை அடைபடாமல் இருந்தாலும் அதை எட்டுவது கடினம். பழைய கருவியை வைத்துக்கொண்டு மாரடிக்கும் மருத்துவமனைக்கு இதுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வைத்தியம். காசு அதிகம் ஆகாது, ஆனால் எந்தெந்தக் கருவி எங்கெங்கே மாட்டியிருக்கிறது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தயாரிப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

தயாரிப்பாளர்கள் பக்கம் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2022 டிசம்பரில். நெட்வொர்க்கில் இணையக்கூடிய புது மருத்துவக் கருவிக்கு அனுமதி கேட்பவர், ஓட்டை தெரியவந்தால் எப்படி அடைப்பார் என்ற திட்டத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உள்ளே என்னென்ன மென்பொருள் துண்டுகள் இருக்கின்றன என்ற பட்டியலும் வேண்டும், பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானங்கள் அச்சிட்டிருப்பதுபோல. யாரோ எழுதிய ஒரு சின்ன நிரலில் ஓட்டை என்று செய்தி வந்தால், அது நம் வென்டிலேட்டரில் இருக்கிறதா என்று உடனே பார்த்துக்கொள்ளலாம். இவை இல்லாத விண்ணப்பத்தை 2023 அக்டோபர் முதல் எஃப்.டி.ஏ. வாங்காமலேயே திருப்பி அனுப்பலாம். ஏற்கெனவே வார்டுகளில் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகளை இந்தச் சட்டம் தொடாது.

மூன்றாம் நாள் சாயங்காலம், நான் இருந்த வார்டில் டியூப் நின்றுவிட்டது. ஹேக்கர் எல்லாம் இல்லை, எங்கோ ஓர் உருளை சிக்கிக்கொண்டது. திரையில் சிவப்பாக ஏதோ வரி. சிஸ்டர் அதை ஒரு முறை பார்த்தார், டிராயரைத் திறந்து பழைய ஸ்டீல் டிரே ஒன்றை எடுத்தார், ரத்தக் குழாய்களை அதில் அடுக்கி, நோயாளிகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் பாதிப் பக்கம் ஏற்கெனவே எழுதியிருந்தது. இது முதல் முறை இல்லை போலிருக்கிறது.

"அண்ணா, டியூப் போகலை. லேபுக்குக் கையிலேயே கொண்டு போயிடுங்க. இந்த ரெண்டும் எமர்ஜென்சி."

"லிஃப்ட்டுக்கு நிக்க வேணாம் சிஸ்டர், படியிலேயே போயிடறேன்" என்று அட்டெண்டர் டிரேயை வாங்கிக்கொண்டு கதவைத் தோளால் தள்ளினார்.